பிள்ளைகளின் போனைக் கண்காணிக்கும் ஆப்: காசு கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பதின்வயதுப் பிள்ளை என்ன தேடுகிறது, யாரோடு பேசுகிறது, என்ன படம் வருகிறது என்று அத்தனையையும் பெற்றோர் போனுக்கு அனுப்பும் கட்டணக் கண்காணிப்பு ஆப் வேண்டாம். ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் தருவேன். அந்த ஒன்றரையும் ராத்திரியில் போனைப் பூட்டும் வசதிக்காக மட்டும். போனிலேயே ஏற்கெனவே இருக்கும் ஒன்றிரண்டு செட்டிங்குகளும், இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு சேவையும் இதைவிட எவ்வளவோ மேல்.

ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகையில் வரும் பலவும் ஒரே அச்சில் வார்த்தவைதான், பெயரை மாற்றி வாங்கினாலும் நான் சொல்லும் குறை மாறாது.

என் மகள் எட்டாம் வகுப்பு. போன் அவள் கைக்கு வந்ததும் என் மனதில் ஓடியது எல்லாப் பெற்றோருக்கும் ஓடுவதுதான். கண்ட படமும் கண்ணில் படுமே, முகம் தெரியாத ஆள் பேச்சுக் கொடுப்பானே, ‘ஒரு போட்டோ அனுப்பு’ என்று எவனாவது கேட்பானே. இந்தப் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018-ல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு ஒன்று, 18 வயதுக்குக் கீழ் உள்ள 1,10,380 பேரை வைத்து நடந்த 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அந்தரங்கப் படமோ செய்தியோ அனுப்பியவர்கள் 14.8 சதவீதம், அப்படி ஒன்று வந்து சேர்ந்தவர்கள் 27.4 சதவீதம். எனக்கு உறைத்தது அதற்கு அடுத்த இரண்டு எண்கள். சம்மதம் கேட்காமலே அதை மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டவர்கள் 12 சதவீதம், தன் படமே அப்படிப் பரவிவிட்டது என்றவர்கள் 8.4 சதவீதம். முப்பது நாற்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பறையை மனதில் வைத்து அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். ஆபாசக் காட்சிகளைப் பற்றியும் அமெரிக்காவில் 2022-ல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 73 சதவீதம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், தேடாமலே தற்செயலாகக் கண்ணில் பட்டது என்றவர்கள் பாதிக்கு மேல். ஆக, என் பிள்ளை நல்ல பிள்ளை, அவள் தேட மாட்டாள் என்பதெல்லாம் ஒரு பாதுகாப்பே இல்லை. அது தானாகவே தேடி வரும்.

சரி, ஆப்புக்கு வருகிறேன்.

மகளுக்குத் தெரியாமல் அவள் போனில் எதையும் போடுவதில்லை என்பது வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அதனால் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தே நிறுவினேன். தகாத பக்கங்களைத் தடுக்கும் வடிகட்டிக்குக் குறைவு, நடுத்தரம், கடுமை என்று மூன்று நிலைகள் இருந்தன. அவள் வயதைப் போட்டதும் ஆப் தானாகவே ‘கடுமை’யைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. அப்புறம் இரண்டு பேரும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். மாதவிடாய் வலி என்று ஆங்கிலத்தில் தேடியதற்குப் பாதிப் பக்கங்கள் திறக்கவில்லை. ஆணுறை என்ற சொல்லுக்கே கதவு சாத்தப்பட்டது. மார்பில் கட்டி வந்தால் என்ன செய்வது என்று தேடினோம். அவள் திரையில் பூட்டுப் படம் விழுந்தது, அதே நொடி என் போனில் சிவப்பு முக்கோணம் போட்டு, உங்கள் பிள்ளை வயதுவந்தோருக்கான உள்ளடக்கத்தைத் தேடினார் என்று ஒரு நோட்டிஃபிகேஷன்.

மகள் அதை எட்டிப் பார்த்தாள். “மார்புல கட்டி வந்தா என்ன பண்றதுன்னு தேடினா, நான் ஏதோ அசிங்கமா தேடினேன்னு உனக்குச் சொல்லுமாம்மா?”

அவள் கேட்டதில் தப்பே இல்லை. தன் உடம்பில் ஏதோ மாற்றம் தெரிகிறது, அம்மாவிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை, அதற்கு முன்னால் தானாகக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த ஆப் சொல்லும் பதில் என்ன? உன் சந்தேகமே அசிங்கம், அதை அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன் என்பதுதான். ஒரு தடவை இப்படி நடந்தால் போதும், அடுத்த தடவை அவள் தேட மாட்டாள், கேட்கவும் மாட்டாள்.

இதைவிடக் கோபம் வந்தது அடுத்த சோதனையில். பள்ளிப் பையன்கள் வாயில் சாதாரணமாகப் புழங்கும் தமிழ்க் கெட்ட வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் தட்டினேன் (இதை நான் மட்டும் தனியாகச் செய்தேன்). எதுவும் தடுக்கப்படவில்லை. தமிழ் எழுத்தில் தட்டினாலும் அதே கதைதான், கொட்டிக்கொண்டு வருகிறது. அதாவது அதன் சொற்பட்டியல் முழுக்க ஆங்கிலம். ஆங்கிலத்தில் இருக்கும் நல்ல மருத்துவத் தகவலுக்குப் பூட்டு, தமிழில் இருக்கும் ஆபாசக் கதைக்குத் திறந்த கதவு. தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் வேறெதையும் பார்க்காவிட்டாலும், வாங்குவதற்கு முன் இலவசச் சோதனைக் காலத்தில் இந்த ஒன்றையாவது தட்டிப் பாருங்கள்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. வடிகட்டிகளுக்கு இந்தக் கோளாறு பிறவியிலேயே உண்டு. 2002-லேயே உடல்நல ஆய்வுகள் நடத்தும் அமெரிக்க அமைப்பான கைசர் குடும்ப அறக்கட்டளை இதை அளந்து பார்த்தது, முடிவுகள் ஜாமா மருத்துவ இதழில் வந்தன. வடிகட்டியை மிகத் தளர்வாக வைத்தபோது ஆபாசத் தளங்களில் 87 சதவீதம் தடுக்கப்பட்டன, உடல்நலத் தகவல் தளங்களில் 1.4 சதவீதம்தான் சேர்ந்து அடிபட்டன. மிகக் கடுமையாக வைத்தபோது ஆபாசத்துக்கான தடுப்பு 87-லிருந்து 91 ஆனது, அவ்வளவுதான். ஆனால் உடல்நலத் தளங்களில் 24 சதவீதம் மூடிக்கொண்டன. நான்கு புள்ளி லாபத்துக்காகப் பிள்ளைக்குத் தேவையான தகவலில் கிட்டத்தட்ட கால்வாசி போயிற்று. ஆணுறை, பாதுகாப்பான உறவு போன்ற தலைப்புகளில் இழப்பு இன்னும் அதிகம். இருபது வருடப் பழைய ஆய்வாயிற்றே, இப்போது தொழில்நுட்பம் வளர்ந்திருக்குமே என்று கேட்கலாம். 2020 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேர் என்ற பெரிய இணையச் சேவை நிறுவனம் குடும்பங்களுக்கென்று ஒரு இலவச வடிகட்டியை வெளியிட்டது. வந்த வேகத்தில் அது ஒருபாலீர்ப்பினர், திருநர் பற்றிய தகவல் தளங்களைத் தடுத்துவிட்டது. அவர்களே தவறை ஒப்புக்கொண்டு சீக்கிரமாகத் திருத்தினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி என்றால், பெயர் தெரியாத ஆப் எந்தப் பட்டியலை வைத்து எதைத் தடுக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? வளரும் வயதில் தனியாகத் தவிக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தளங்கள் சில நேரம் உயிரையே காப்பாற்றுபவை.

தடுப்பதையாவது உருப்படியாகத் தடுக்கிறதா? ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் விக்டோரியா நாஷும் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பிள்ளை இணையத்தில் பாலியல் காட்சியைப் பார்க்க நேர்ந்ததா இல்லையா என்பதற்கும் வீட்டில் வடிகட்டி இருந்ததா என்பதற்கும் சம்பந்தம் இல்லை என்றே சொல்லிவிடலாம், 99.5 சதவீதத்துக்கு மேல் வேறு காரணங்கள்தான். எப்படி என்று தெரிய எனக்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அக்கா மகனுக்குப் பதினாறு வயது, அவனைக் கேட்டேன். “சித்தி, எந்தப் பையன் தன் போன்ல தேடுவான்? லாக் இல்லாத போன் கிளாஸ்ல யார்கிட்டயாவது இருக்கும், அதுல எல்லாரும் பார்ப்பாங்க” என்றான். தனியாகப் பார்த்தால் குழம்பிப்போய் வீட்டில் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பான். நான்கு பேர் நடுவில் பார்க்கும்போது கேள்விக்கு இடமே இல்லை, எல்லாம் தெரிந்தவன் மாதிரி சிரிக்கத்தான் வேண்டும்.

ஆப்பின் உளவு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், விளம்பரத்தில் இதைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். பிள்ளையின் கேலரியில் உள்ள படங்கள், சாட்டில் வந்த செய்திகள், ஸ்க்ரீன்ஷாட்டுகள் எல்லாம் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து நமக்குக் காட்டப்படும். கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். மகளின் அந்தரங்கப் படம் எவன் கைக்கும் போய்விடக் கூடாது என்றுதான் இதை வாங்குகிறோம். வாங்கியதும் முதல் வேலையாக அவளுடைய எல்லாப் படங்களையும் நமக்கு முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்திடம் நாமே கொடுக்கிறோம். 2018 மே மாதம் டீன்சேஃப் என்ற இதே வகை ஆப்பின் சர்வர் பாதுகாப்பே இல்லாமல் திறந்து கிடந்தது, பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குப் பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் அப்படியே அதில் இருந்தன. அந்த ஆப் வேலை செய்யவே இரண்டடுக்குப் பாதுகாப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு குறியீட்டையும் கேட்கும் முறை) அணைத்து வைக்க வேண்டும் என்பது கூடுதல் கொடுமை. அதே ஆண்டில் இன்னொரு நிறுவனத்தின் கிளவுடில் கண்காணிக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களும் வீடியோக்களும் 281 ஜிபி அளவுக்கு அம்பலமாயின. இதைப் படித்த அன்றே ஆப்பின் கேலரி அனுமதியை எடுத்துவிட்டேன். எடுத்ததும், உங்கள் பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று நாள் முழுக்க எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. பெற்றோரின் பயத்தை வைத்து நடக்கும் வியாபாரம் இது.

பிள்ளைகள் இந்த ஆப்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. கூகுள் பிளேயில் 37 பாதுகாப்பு ஆப்களுக்கு 8 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் எழுதிய 736 விமர்சனங்களை எடுத்து 2018-ல் படித்துப் பார்த்திருக்கிறார்கள். 76 சதவீதத்தில் ஒற்றை நட்சத்திரம். பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். படத்தை வைத்து எவனாவது மிரட்டும் வலையில் மாட்டிய பிள்ளை அந்த இரவில் யாரிடம் போகும், எதைச் சொல்லும், எதை மறைக்கும் என்பதை முடிவு செய்வது அதுவரை வீட்டில் இருந்த நம்பிக்கைதான். அதை அரித்துத் தின்கிற பொருளைப் பாதுகாப்பு என்ற பெயரில் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி நல்லதைச் சொல்கிறேன்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஸ்க்ரீன் டைம் செட்டிங்குக்குள் ‘கம்யூனிகேஷன் சேஃப்டி’ என்று ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் வந்தது, 2023-லிருந்து 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கணக்குகளில் தானாகவே இயங்குகிறது. மெசேஜில் நிர்வாணப் படம் வந்தால் அதை மங்கலாக்கி வைக்கும். பிள்ளையே அப்படி ஒன்றை அனுப்பப் போனாலும் ஒரு நிமிடம் நிறுத்தும். இதைப் பார்க்காமல் இருப்பது உன் விருப்பம், நம்பிக்கையான பெரியவர் ஒருவருக்கு மெசேஜ் அனுப்பு, இந்த ஆளை பிளாக் செய்யலாம் என்று வழிகளைக் காட்டும். படத்தைச் சோதிக்கும் வேலை முழுக்க போனுக்குள்ளேயே நடக்கிறது, எந்த சர்வருக்கும் போவதில்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இன்னொன்று. முதலில் அறிவித்தபோது, சின்னப் பிள்ளை படத்தைத் திறந்தால் பெற்றோருக்குத் தகவல் போகும்படி வைத்திருந்தார்கள். வீட்டிலேயே வன்முறைக்கு ஆளாகும் பிள்ளைகளுக்கு அதுவே ஆபத்து என்று எதிர்ப்பு வந்ததும் அதை எடுத்துவிட்டு, உதவி கேட்பதைப் பிள்ளையின் கையில் விட்டார்கள். நான் வாங்கிய ஆப் எனக்கு வேலை பார்க்கிறது, இது பிள்ளைக்கு வேலை பார்க்கிறது. அனுப்பும் பொத்தானில் விரல் இருக்கும் அந்த ஒரு நொடியில் அவள் பக்கத்தில் நான் இருக்க முடியாது, இந்தக் கேள்வி இருக்க முடியும். நான்கரை நட்சத்திரம். அரை குறைத்ததற்குக் காரணம், வேறு நிறுவனங்களின் சாட் ஆப்கள் பலவற்றில் இது எட்டிப் பார்ப்பதில்லை.

இன்ஸ்டாகிராமில் 2024 செப்டம்பரிலிருந்து 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தனிக் கணக்குமுறை வந்திருக்கிறது. கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், 16-க்குக் கீழ் என்றால் அதைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிறந்த வருடத்தைப் பொய்யாகப் போட்டுத் தொடங்கிய கணக்குக்கு இது எதுவும் தானாக வராமல் போகலாம் என்பதால், பிள்ளையோடு உட்கார்ந்து அந்த வருடத்தை முதலில் சரிபாருங்கள். ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் இலவச ஆப்பான ஃபேமிலி லிங்க் போதும், ஆப் நிறுவ அனுமதி, படுக்கும் நேரப் பூட்டு இரண்டையும் காசு கேட்காமல் செய்கிறது.

எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது ‘டேக் இட் டவுன்’ என்ற சேவை. படம் ஏற்கெனவே போய்விட்டது, பரவுமோ என்று நடுங்குகிற பிள்ளைக்கானது இது. காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் நடத்துகிறது, எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். 18 வயது ஆவதற்கு முன் எடுத்த நிர்வாண, அரைநிர்வாண அல்லது வெளிப்படையான பாலியல் படமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பெயர் கேட்பதில்லை, காசு கேட்பதில்லை. படத்தையும் அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே படத்தைத் தேர்ந்தெடுத்தால், அதிலிருந்து கைரேகை மாதிரி ஒரு எண்வரிசை உருவாகும், அது மட்டும்தான் அவர்களிடம் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்று இதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த எண்வரிசையை வைத்துத் தங்களிடம் உள்ள படங்களோடு ஒப்பிட்டு நீக்கும். குறையும் உண்டு. முழுக்க மறைகுறியாக்கப்பட்ட, அதாவது பேசுகிறவர்களைத் தவிர யாரும் படிக்க முடியாத சாட்டுக்குள் ஓடும் படத்தை இது பிடிக்காது. படத்தை வெட்டியோ மாற்றியோ போட்டால் எண்வரிசை மாறிவிடும், மறுபடி பதிய வேண்டும். வயது 18 தாண்டியபின் எடுத்த படமென்றால் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற சேவை இருக்கிறது, அதுவும் இதே முறைதான்.

பையன்களைப் பெற்றவர்கள் இந்தப் பத்தியைப் பெண்பிள்ளைகளின் விஷயம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். பெண் பெயரில் பேசி, படம் வாங்கி, பணம் கொடு இல்லாவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டும் கும்பல்கள் அதிகம் குறிவைப்பது 14 முதல் 17 வயதுப் பையன்களைத்தான் என்று எஃப்பிஐ திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. அக்கா மகனிடம் இதைச் சொல்லி, அப்படி நடந்தால் பணம் கொடுக்காதே, சாட்டை அழிக்காதே, ராத்திரி இரண்டு மணியானாலும் என்னை எழுப்பு, திட்ட மாட்டேன் என்றேன். “அம்மாகிட்டயும் இதை நீங்களே சொல்லுங்க சித்தி” என்றான். சொல்லியாயிற்று.

இன்னொரு விஷயம் இந்த ஆப்களின் விளம்பரத்தில் வருகிறது, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தரங்கப் படம் அனுப்பும் பிள்ளைகள் சீக்கிரமே உறவுக்குப் போகிறார்கள், கருத்தடைப் பாதுகாப்பு இல்லாமல் இருக்கிறார்கள், அதனால் போனைப் பூட்டுங்கள் என்கிறார்கள். முதல் பாதி வெறும் கட்டுக்கதை இல்லை. 2019-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு இவை சேர்ந்தே காணப்படுகின்றன என்றும், வயது குறையக் குறைய அந்தத் தொடர்பு கூடுகிறது என்றும் காட்டியது. சேர்ந்தே காணப்படுவது வேறு, ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது வேறு. போனைப் பூட்டினால் கருத்தடை பற்றிய அறிவு எங்கிருந்து வரும்? ஆபாசக் காட்சியில் யாரும் சம்மதம் கேட்பதில்லை, ஆணுறையை அபூர்வமாகத்தான் காட்டுவார்கள், வலிக்கிறது என்று சொன்னால் நிறுத்துவதும் இல்லை. அதை மட்டும் பார்த்து வளர்பவன் அதுதான் வழக்கம் என்றுதானே நினைப்பான்? யுனெஸ்கோ மற்ற ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து 2018-ல் புதுப்பித்த பாலியல் கல்வி வழிகாட்டி, இதைக் கற்றுக்கொடுப்பதால் பிள்ளைகளின் பாலுறவு கூடுவதில்லை என்று ஆய்வுகளை வைத்தே சொல்கிறது. முறையாக நடத்தினால் முதல் உறவு தள்ளிப்போவதும், பாதுகாப்புப் பயன்படுத்துவது கூடுவதும்தான் நடக்கிறது. ஆக, சொல்லிக்கொடுக்கும் பக்கங்களைத் திறந்து வைக்க வேண்டும். கடுமை நிலை வடிகட்டி முதலில் மூடுவதே அவற்றைத்தான்.

இப்போது மகள் போனில் இருப்பது இவ்வளவுதான்: தேடலில் ஆபாச முடிவுகளை மறைக்கும் சேஃப்சர்ச் செட்டிங், கம்யூனிகேஷன் சேஃப்டி, ராத்திரி போன் ஹாலில் சார்ஜ் ஏறுவது. மாதவிடாய், மார்பு வளர்ச்சி, தொற்று, கருத்தடை பற்றி மருத்துவர்கள் நடத்தும் இரண்டு மூன்று தளங்களை நானே படித்துப் பார்த்து அவள் புக்மார்க்கில் சேர்த்திருக்கிறேன். எதைப் படிக்கிறாள் என்று எட்டிப் பார்ப்பதில்லை. சில நாட்களில் ஏதாவது ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “இது நிஜமாம்மா?” என்று கேட்கிறாள். பதில் தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து படிக்கிறோம். மூன்றிலிருந்து ஏழு வயது வரை உள்ள சின்னப் பிள்ளை வீட்டில் இருந்தால் கதை வேறு, அந்த வயதுக்கு இறுக்கமான வடிகட்டியே சரி. நான் சொல்வது பதின்வயதுக்கு.

ஏற்கெனவே இந்த வகை ஆப் வாங்கியிருப்பவர்களுக்கு ஒன்று. போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோரிலோ கூகுள் பிளேயிலோ சந்தாப் பக்கத்துக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். அதற்கு முன் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்நுழைந்து, பிள்ளையின் ப்ரொஃபைலையும் சேமித்து வைத்திருக்கும் படங்கள், சாட்டுகளையும் நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், பதில் வந்ததா என்று பாருங்கள். எனக்கு இரண்டாவது மெயிலுக்குப் பிறகுதான் வந்தது. பிள்ளையின் ஆப்பிள், கூகுள் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிட்டு, அணைத்து வைத்திருந்தால் இரண்டடுக்குப் பாதுகாப்பை மறுபடி போட்டுவிடுங்கள்.